அடும்பு படரட்டும்!

ஒரு சொல் இருவகையால் சாகும். அயற்சொல் ஒன்று வந்து அமர்ந்துகொண்டு அதனை வழக்கினின்று தள்ளிவிடச் சாவது ஒருவகை. அச்சொல் குறித்த பொருளே மண்ணினின்று மறைந்தொழிய, சொல் மட்டும் ஏட்டில் எலும்புக்கூடாய்க் கிடப்பது மற்றொரு வகை. முதல்வகைச் சாவைத் தடுப்பதற்கு, 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடுபட்டு வந்துள்ளது. மொழிஞாயிறு பாவாணர் 1974ஆம் ஆண்டில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து, 1981ஆம் ஆண்டில் மறையும் வரை வேர்ச்சொற்களைத் தோண்டியெடுத்துத் தந்தார். இரண்டாம் வகைச் சாவைப் பற்றியோ தமிழன்பர் பலரும் எண்ணிப் பார்த்திலர். தமிழகக் கடற்கரையில் அச்சாவு கரைக்குக் கரை நிகழ்ந்து வருகின்றது. அங்குச் சாகின்ற சொல் அடும்பு.

அடும்பு ஞாலத்தில் அருகிப்போன கொடி அன்று. இன்றும் தமிழகக் கரையிற் பல இடங்களில் அது உயிரோடுதான் இருக்கின்றது. ஆயினும் நகரம் நெருங்கும் இடமெல்லாம், விடுதி எழும் இடமெல்லாம், அழகு செய்யப்படும் இடமெல்லாம் முதலிற் பிடுங்கி எறியப்படுவது அதுவே. பிடுங்குவோர் அதனைக் களை என்கின்றனர். அக்களையின் பெயர் அவர்தம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூலில் இருக்கின்றது என்பதை அவர் அறியார்.

அடும்பும் பழந்தமிழரும்

அடும்பு கடற்கரை மணலிற் படருங் கொடி. ஊர்ப்பேச்சில் அடம்பு என்றும் அடப்பங்கொடி என்றும் வழங்கும். ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு வாழும். ஆண்டுதோறும் விதைக்க வேண்டுவதில்லை. ஆணிவேர் மணலுள் ஆழ இறங்கும். தண்டு தரையை ஒட்டிப் பத்து மீட்டருக்கு மேலும் ஓடும். ஓடுந் தண்டின் கணுக்கள் மணலைத் தொடும் இடங்களிலெல்லாம் புதுவேர் விடும். ஆகலின் ஒரு கொடி சில ஆண்டுகளில் ஒரு பச்சை விரிப்பாய்த் தரையை மூடிவிடும். இலை தடித்தது, நுனியில் இரண்டாகப் பிளந்தது. ஒடித்தால் பால் கசியும். செந்நீலப் பூ வாயகன்று விடியலில் மலர்ந்து, வெயில் ஏறியபின் வாடிவிடும். மறுநாள் வேறு பூக்கள் மலரும். உப்புக்காற்றும், கால்வைக்க இயலாத நண்பகல் மணற்சூடும், பல திங்கள் நீளும் வறட்சியும் அதனைக் கொல்வதில்லை. அது எருவும் கேட்பதில்லை, இறைப்பும் கேட்பதில்லை. அதன் வித்துக் கடல்நீரில் மிதந்து நெடுந்தொலைவு சென்றும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. அதனாலேயே வெப்பநாட்டுக் கரைகள் பலவற்றிலும் அது தானே குடியேறி வாழ்கின்றது. தமிழகத்தில் அதனை எவரும் கலமேற்றிக் கொணர்ந்து நட்டதில்லை. தமிழரின் மிகப் பழைய பாட்டுகளிலேயே அது வேரூன்றி நிற்கின்றது.

கழகப் புலவர் இக்கொடியைப் பார்த்த பார்வை வியக்கத்தக்கது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் அடும்பும் ஒன்று. குறுந்தொகையின் 243ஆம் பாட்டில் நம்பி குட்டுவனார் அதன் பிளந்த இலைக்கு மானின் அடியையும், அதன் பூவுக்குக் குதிரையின் கழுத்து மணியையும் உவமையாக்கினார். நெய்தல்நிலச் சிறுமியர் அப்பூவைக் கொய்து மணலில் விளையாடுங் காட்சியும் அப்பாட்டிலேயே உள்ளது. இனி, 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு நிலைத்திணை நூலார் இலின்னேயசு இதே கொடிக்கு இலத்தீன மொழியில் வைத்த பெயரைக் காண்க. 'பெசு காப்ரே' என்றார். ஆட்டின் அடி என்பது அதன் பொருள். பெயர் சூட்டிய மேலையறிஞர் அவ்விலையிற் கண்ட ஒப்புமையைத் தமிழ்ப்புலவர் ஒருவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கும் முன்னரே கண்டு பாடிவிட்டார். அவர் ஆட்டைக் கண்டார். இவர் மானைக் கண்டார். இருவரும் பார்த்தது ஒரே இலை. பழந்தமிழ்ப் பாட்டு வெறுங் கற்பனை என்று பேசுவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

அதனினும் ஆழமானது குறுந்தொகையின் 248ஆம் பாட்டில் உலோச்சனார் தருஞ் செய்தி. கோடைக்காற்று மணலை வாரிக் குவிக்கின்றது. குவிந்த மேட்டின்மேல் அடும்பு ஏறிப் படர்கின்றது. மேடு ஊர்ந்து வளர்ந்து பனையின் அடிமரத்தை மூட, நெடிய பனையும் குறியதாய்த் தோன்றுகின்றது. காற்று, மணல், கொடி என்னும் மூன்றும் கூடி ஒரு கரையை எழுப்பும் முறையை அப்புலவர் தலைவியின் காதற்செய்திக்கு இடையே ஈரடியில் சொல்லி முடித்துவிட்டார். இற்றைக் கரையியல் வல்லுநர் மணல்மேட்டின் தோற்றத்தைப் பற்றி எழுதும் பாடத்தின் முதற்பகுதி இதுவே.

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியதோ கடலாமையை. நிறைசூல் ஆமை அடும்பின் கொடி சிதையக் கரையேறி, வெண்மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கின்றது; முட்டை தந்தத்தால் கடைந்த வட்டைப் போல இருக்கின்றது. இன்றும் சென்னை முதல் நாகை வரையுள்ள கரையில் தையிலிருந்து பங்குனி வரை பங்குனியாமை ஏறி, ஒரு குழிக்கு நூறளவில் முட்டையிட்டுச் செல்கின்றது. பாட்டில் வந்த ஆமை இன்னும் வருகின்றது. பாட்டில் அது கடந்துவந்த அடும்புதான் பல கரைகளில் இல்லை.

இச்சொல் தமிழகத்தோடு நின்றதும் அன்று. சேரநாட்டு நிலைத்திணைகளைத் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாம் நகரில் 12 தொகுதிகளாய் ஒல்லாந்தர் வெளியிட்ட 'ஓர்த்தசு மலபாரிக்கசு' என்னும் நூலில் இக்கொடி 'சுவன்ன அடம்பு' என்னும் பெயரோடு இடம்பெற்றுள்ளது. ஈழத்துத் தமிழர் அதனை அடம்பன்கொடி என்பர். கீழைக்கரை, மேலைக்கரை, ஈழக்கரை ஆகிய மூன்றிலும் வலைஞர் நாவில் அச்சொல் தொடர்ந்து வாழ்ந்துள்ளது. புலவர் பாடிய சொல்லை இரண்டாயிரம் ஆண்டு வாயில் வைத்துக் காத்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர்; கட்டுமரம் ஏறிய பரதவர். அடும்பு என்பது அவர்வாயில் அடம்பு எனத் திரிந்தது, அவ்வளவே.

கரையைக் காப்பது எது?

மணல் காற்றில் ஓடும் முறையை அறிந்தாலன்றி அடும்பின் அருமை விளங்காது. கரைமணல் முகில்போல் மேலே பறப்பதில்லை; தரையை ஒட்டித் துள்ளித் துள்ளி ஓடுகின்றது. அவ்வோட்டத்தின் பெரும்பங்கு ஒரு முழ உயரத்திற்குள் அடங்கிவிடும். எனவே மணலைப் பிடிக்க வல்லது தரையோடு தரையாய்க் கிடக்கும் தண்டும் இலையுமே. காற்று அடும்பின்மேல் வரும்போது அதன் விரைவு தளர்கின்றது. மணல் இலைகளின் இடையே விழுகின்றது. விழுந்த மணல் மூடினாலும் கொடி சாவதில்லை. மேல்நோக்கி வளர்ந்து, மூடிய மணலிலும் வேர்விட்டு, அடுத்த மணலை ஏற்கக் காத்திருக்கும். இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அதனோடு சேர்ந்துகொள்ள, மேடு ஆண்டுக்காண்டு உயரும். அம்மேட்டின் பின்புறத்தில், உப்புக்காற்றின் கடுமை தணிந்த இடத்தில், தாழையும் புன்னையும் தழைக்கும். கொடி, புதர், மரம் என்பதே நெய்தல் நிலத்தின் ஒழுங்கு. முதற்படி இல்லையேல் அடுத்த படிகள் இல்லை.

மணல்மேடு கரையின் சேமிப்புக் களஞ்சியம். புயலின்போது அலை மேட்டின் அடியை அரித்து மணலைக் கடலுக்குள் இழுக்கும். இழுத்த மணல் கரைக்கு அப்பால் திட்டாய்ப் படிந்து, பின்வரும் அலைகளின் வலிமையை உடைக்கும். புயல் ஓய்ந்தபின் சிற்றலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாய்க் கரையேற்றும். காற்று அதனை மீண்டும் அடும்பிடம் ஒப்படைக்கும். ஆகவே மேடு தேய்வதும் வளர்வதும் கணக்குவழக்கு. களஞ்சியத்தைக் காக்கும் கொடியைப் பிடுங்கியபின், இழந்த மணல் திரும்பி வந்தாலும் தங்குவதற்கு இடமில்லை.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. அப்பேரலையை ஒரு கொடி தடுத்துவிடும் என்று சொல்வது பேதைமை. ஆனால் அதன்பின் கரையை ஆய்ந்தோர் கண்ட உண்மை ஒன்றுண்டு. மணல்மேடு உயர்ந்து தொடர்ந்து நின்ற இடங்களில் நீர் உட்புகுந்த தொலைவு குறைந்தது. மேடு வெட்டுண்ட வாய்களின் வழியே நீர் ஆறாய்ப் பாய்ந்தது. மேட்டை ஆக்குவது எதுவோ அதுவே காப்பின் தொடக்கம். மேட்டை ஆக்குவது அடும்பு.

இதனை அறிந்தபின்னும் நாடு செய்தது என்ன? ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் பெருக்கப்பட்டன. சவுக்கு தென்கிழக்காசியாவிலும் ஆத்திரேலியாவிலும் இருந்து வந்த மரம். விறகுக்கும் சாரத்துக்கும் கழிக்கும் அது பயன்படும். தன் பட்டாவில் அதனை வளர்க்கும் உழவனை எவரும் குறைசொல்லார். ஆனால் அலைநாக்குத் தொடும் அளவுக்குக் கரையில் அதனை நெருக்கி நட்டபோது, உதிர்ந்த ஊசித்தழை மெத்தையாய்ப் படிந்து அடும்பு முளைக்கும் இடத்தை அடைத்தது. ஆமை ஏறிக் குழிதோண்டும் வெறுமணல் குறுகியது. தோப்புக்கு ஒழுங்கான தரை வேண்டும் என்று மணல்மேடுகள் சமன்செய்யப்பட்ட இடங்களும் உண்டு. காவலுக்கென்று வந்தவன் களஞ்சியத்தையே இடித்த கதை இது.

கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கலாம் என்பது மற்றொரு நம்பிக்கை. தமிழகத்தின் கீழைக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. அவ்வோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் தென்பால் மணல் சேரும். வடபால் கடல் தின்னும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும், வடசென்னை மீனவர் குப்பங்கள் நிலமிழந்ததும் இதனாலேயே. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்து கற்குவியல் ஆயிற்று; 2018ஆம் ஆண்டில் கடலுக்குள் செயற்கைத் தடை அமைத்தே அதில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. ஓரிடத்திற் போட்ட கல் அடுத்த ஊரில் கல் கேட்கும். கல்லின்மேல் அடும்பு படராது. கற்கரையில் ஆமையும் ஏறாது.

புல்தரை என்னும் அடிமைத்தனம்

சவுக்கும் கல்லும் அரசின் பிழைகள். மூன்றாவது பிழை செல்வர் வீட்டுப் பிழை, அதுவே நாணத்தக்கது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் கடற்கரை மனைகளும் எழுந்துள்ளன. அடும்பு படர்ந்த மணலைச் சுரண்டி, செம்மண் கொட்டி, அதன்மேல் அயல்நாட்டுப் புல்லைப் பாயாய் விரிக்கின்றனர். மழைபொழியும் குளிர்நாட்டில் பசும்புல் தானே வளரும். அந்நாட்டுக் கோமகன் தன் மாளிகைமுன் புல்தரை வைத்ததில் வியப்பில்லை. வெள்ளையன் அதனை இங்குக் கொண்டுவந்து தன் மனையின் முன் இட்டான். அவன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அவன் புல்லுக்குத் தமிழன் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்நீரின் கணக்கைப் பார்க்க. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் விட்டால் சதுர மீட்டருக்கு 5 இலிட்டர் ஆகும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். எனவே ஓர் ஏக்கர்ப் புல்தரை நாள்தோறும் 20,000 இலிட்டர் நன்னீரைக் குடிக்கும். அந்நீர் எங்கிருந்து வருகின்றது? கரைமணலின் அடியில் மழைநீர் தேங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலத்திலிருந்து. அப்படலத்தின் இயல்பை ஒல்லாந்தர் ஒருவரும் செருமானியர் ஒருவரும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தனித்தனியே கண்டு சொன்னார்கள். நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு ஓரடி உயர்ந்து நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடி இறங்கினால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறும். விடுதியின் புல்லுக்கு இறைத்த நீருக்குப் பக்கத்துக் குப்பத்தின் கிணறு விலை கொடுக்கின்றது. கிணறு உவர்த்தபின் அக்குப்பத்துப் பெண்கள் குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். இஃது அழகுக்கலை அன்று, சுரண்டல்.

அதே ஓர் ஏக்கரில் அடும்பு இருந்தால் வேர்பிடிக்கும் மூன்று கிழமைக்குப் பின் ஒரு குடமும் வேண்டுவதில்லை. புல்லை வெட்டும் பொறியும் வேண்டா. பூச்சி மருந்தும் வேண்டா. விடியலில் கரை முழுதும் செந்நீலப் பூ விரியும். அதனினும் அழகான தரையை எந்நாட்டுப் புல் தந்தது?

நான்காவது பிழை துப்புரவின் பெயரால் நடப்பது. நெகிழிப் பையையும் கண்ணாடிச் சில்லையும் கரையினின்று அகற்றுவது நல்ல பணி. ஆனால் பொறிகொண்டு மணலைச் சீய்க்கும்போது குப்பையோடு கொடியும் போகின்றது. வெறுமணலே தூய கரை என்னும் எண்ணம் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணின் நோய். மயிர் மழித்த தலை துப்புரவாக இருக்கலாம். கரையின் தலையை மழித்தால் அடுத்த கோடைக்காற்றில் மணல் சாலைக்கும் வீட்டுக்கும் வந்து சேரும்.

மறுப்புகளும் விடைகளும்

அடும்பு பரப்புவோர்க்குச் சில மறுப்புகள் உடனே சொல்லப்படும். அவற்றை மறைப்பதாற் பயனில்லை.

சவுக்கு மீனவர்க்கும் சிற்றுழவர்க்கும் வருவாய் தருகின்றது. அடும்பு என்ன தரும் என்பது முதல் மறுப்பு. சவுக்கை வேரோடு வெட்டுக என எவரும் கேட்கவில்லை. மேட்டின் பின்புறத்தில், தனிநிலத்தில் அது நிற்கட்டும். கடலை நோக்கிய முதல் மேட்டை அடும்புக்கு விடுக என்பதே கோரிக்கை. அடும்பு பணம் தராது. கிணற்றையும் குடிலின் அடிநிலத்தையும் தரும்.

வலை உலர்த்தவும் படகு இழுக்கவும் வெறுமணல் வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. இது முறையான மறுப்பு. கரை முதலில் மீனவர்க்கு உரியது. படகுத்துறையையும் வலைக்களத்தையும் மீனவரே வரைந்துகாட்ட, அவற்றை விடுத்த இடங்களில் மட்டுமே நடவேண்டும். அவர்களைக் கேளாமல் கரையில் ஒரு கொடியும் நடுதல் ஆகாது.

கடல் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் கரையில் கொடி என்ன செய்யும் என்பது மூன்றாம் மறுப்பு. உண்மை, மணல் வரத்தே அறுந்த இடத்தில் அடும்பால் ஒன்றும் ஆகாது. அங்கு மணலின் வழியைத் திறப்பதே மருந்து. ஆயின் தமிழகக் கரை ஆயிரங் கிலோமீட்டருக்கும் மிக நீண்டது. கல் விழாத கரைகள் இன்னும் உள்ளன. நோயுற்றவனைக் காட்டி, நலமாக இருப்பவனுக்கு உணவை மறுப்பது முறையன்று.

நடும் முறை

அடும்பை நடுதல் எளிது. ஐப்பசியில் மழை தொடங்கும்போது, கொடி செறிந்த இடத்தில், ஆணிவேரைத் தொடாமல், ஒன்றரை அடி நீளத் தண்டுகளை வெட்டிக்கொள்க. ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு கணுக்கள் இருத்தல் வேண்டும். ஒரே இடத்திற் பலவற்றை அறுத்து மேட்டை மொட்டையடித்தல் கூடாது. அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்களேனும் மணலுள் புதையுமாறு சாய்வாக நடுக. ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டாற் போதும். இடைவெளியைக் கொடி தானே நிரப்பும். வேர்பிடிக்கும் வரை, மழை இல்லாத நாள்களில் மட்டும் நீர் தெளிக்க. பொங்கலுக்குள் கொடி ஓடத் தொடங்கிவிடும்.

வித்தாலும் வளர்க்கலாம். பழுப்பு மயிர் போர்த்த வித்தின் தோல் மிகக் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. கருங்கல்லில் ஒருபுறம் தேய்த்தோ, கத்தியால் தோலைச் சிறிது கீறியோ, ஓரிரவு நீரில் ஊறவிட்டு விதைத்தல் வேண்டும். நட்ட இடத்தில் ஊர்தி ஏறாமல் காத்தல் இன்றியமையாதது. மக்கள் கடலுக்குச் செல்ல ஒரு நடைவழியை ஒதுக்கிவிட்டால், கொடியும் மிதிபடாது, வழியும் மறியாது.

கடற்கரையில் இல்லாதார்க்கும் இதிற் பங்குண்டு. மணற்பாங்கான, வெயில் நிறைந்த நிலத்தில் உள்நாட்டிலும் அடும்பு வளரும். செழித்த தோட்டத்தில் எல்லை மீறி ஓடுமாதலால் கட்டுக்குள் வைத்தல் வேண்டும். களிமண் நிலத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஏற்றது பொடுதலை. அதுவும் கணுத்தோறும் வேர்விட்டுத் தரையை ஒட்டிப் படரும், மிதியைப் பொறுக்கும், சிறு பூக்களால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைக்கும், தமிழ் மருத்துவர் கையாண்ட மூலிகையும் ஆகும். பள்ளி முற்றத்தில், மன்றத்தின் முன்றிலில், அயற்புல்லை எடுத்துவிட்டுப் பொடுதலை வளர்க்கும் ஊர், தண்ணீர்ச் செலவையும் குறைக்கும். ஒரு தமிழ்ச்சொல்லையும் பிள்ளைகளின் காலடியில் வைக்கும்.

தமிழியக்கத்தின் கடமை

தனித்தமிழ் அன்பர் சிலர்க்கு இஃது இயக்கத்தின் வேலை அன்று எனத் தோன்றலாம். மொழிப்போர் இருக்கக் கொடி நடுவதா என வினவலாம். அவர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பழந்தமிழர் நிலத்தை ஐந்தாய்ப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் சூட்டினர். பொருளிலக்கணத்தையே நிலத்தின்மேல் எழுப்பிய மொழி தமிழ். அத்தகைய மொழியைக் காப்பதாகச் சொல்லிவிட்டு நிலத்தைக் கைவிடுதல், அடித்தளத்தை விற்றுக் கூரையைக் காத்தல் போலும். நெய்தல் திணையைப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு அடும்பு எது என்று காட்டத் தெரியவில்லை எனின், அவர் நடத்துவது உயிருள்ள பாடம் அன்று. 'அடும்பு - ஒரு கொடி' என்று உரை எழுதி முடித்த நூல்கள் எத்தனை! அவ்வுரைகாரரில் எத்தனைபேர் மெரினாவுக்கு நடந்து போயிருந்தால் அந்தக் கொடியை மிதித்திருப்பர்!

சட்டத்தின் துணையும் உண்டு. 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மணல்மேடுகளை முதல்நிலைக் காப்புக்குரிய இடங்களுள் சேர்த்துள்ளன. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அடும்பும் ஏட்டில் இருக்கின்றது. இரண்டையும் கரைக்குக் கொண்டுவருவோர்தாம் தேவை.

ஆகவே கரையோரத் தமிழ்மன்றம் ஒவ்வொன்றும், தன் ஊரின் மீனவர் ஊராட்சியோடு கலந்து, ஒரு மணல்மேட்டைத் தன் பொறுப்பில் ஏற்கட்டும். கரையோரப் பள்ளியின் தமிழாசிரியர், குறுந்தொகையின் அந்த இரண்டு பாட்டுகளைக் கரும்பலகையில் நடத்தியபின் மாணவரை மணலுக்கு அழைத்துச் செல்லட்டும். இலையை அவர் கையிற் கொடுத்து, மானடியா ஆட்டடியா என்று அவர்களே சொல்லட்டும். துப்புரவுப் பணியாளர்க்குக் கொடியைப் பிடுங்காதீர் என உள்ளாட்சி அமைப்புகள் கட்டளை இடட்டும். அடப்பங்கொடி என்னும் மீனவர் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்காமல், அடும்பு என்னும் கழகச் சொல்லின் நேர்வழித்தோன்றல் என அகரமுதலியில் அருகருகே வைக்கட்டும். புதிய பூங்காவுக்குத் திட்டம் வரையும் பொறியாளர், புல்தரை என்று எழுதும் இடத்தில் அடும்பு என்றோ பொடுதலை என்றோ எழுதிப் பார்க்கட்டும். செலவுக் கணக்கே அவர்க்கு உண்மையை உரைக்கும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டா. பேரணி வேண்டா. ஒரு கத்தி, ஒரு கூடை, ஐப்பசி மழை ஆகிய மூன்றே போதும். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது ஈழத்தமிழர் பழமொழி. ஒற்றைக்கொடியைச் சிறுபிள்ளையும் அறுத்துவிடும். திரண்டு படர்ந்த கொடியோ மணலையும் பிடித்து நிறுத்தும். தமிழர் அப்பழமொழியை மேடையில் பலமுறை முழங்கியுள்ளனர். இனி அதனைக் கரையில் நட்டுக் காட்டட்டும்.